ரெண்டு கஜமும் ஊர் சுற்றிய ரவிக்கையும்

ஊவா மாகாணம் முழுவதிலும் பெண்களிடம் பொய் சொல்லத் தெரியாத ஆண்பிள்ளை ஒரே ஒருவர்தான் இருந்தார். வேறு எந்தத் தொழில் செய்திருந்தாலும் ஊர் அவரை மகான் என்று கும்பிட்டிருக்கும். துரதிர்ஷ்டம், அவர் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிற தையற்காரராகப் போய்விட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பதுளைக் கடைத்தெருவில் அவருக்கு ‘ரெண்டு கஜம்’ என்று பெயர். ஆறடி உயரம், அதாவது சரியாக இரண்டு கஜம். அகலத்துக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. ஒரு துணிக்கடையின் முன்விறாந்தையில், தையல் மிஷினுக்குப் பின்னால், முழங்கால் இரண்டும் காதருகே வர உட்கார்ந்திருப்பார். எழுந்து நின்றால் கூரைத் தகரத்தில் தலை இடிக்கும். அதனால் யார் வந்தாலும் எழுந்திருப்பதில்லை. அதைத் திமிர் என்றது ஊர். தகரம் என்றார் அவர்.

நான் அதற்கு நேர் எதிர். நாலடி ஒன்பது அங்குலம். உயரத்தில் சிக்கனம் பிடித்த ஆண்டவர் அகலத்தில் கை தாராளம் காட்டிவிட்டார். இந்தப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் வாராவாரம் ஒரு படம் போடுகிறார்களே, மூங்கில் கழிக்குச் சேலை சுற்றிவிட்ட மாதிரி ஒரு பெண், கீழே ‘எல்லோருக்கும் ஏற்றது’ என்று ஒரு வரி. அந்த ‘எல்லோரும்’ எந்த ஊரில் குடியிருக்கிறார்கள் என்று நானும் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்தக் காலத்தில் ரயில் இன்னும் பதுளைக்கு வந்து சேரவில்லை. தெமோதரைப் பக்கம் மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். துணிமணியெல்லாம் பண்டாரவளையிலிருந்து மாட்டு வண்டியில்தான் இறங்கும். நாகரிகமும் அதே வண்டியில்தான் வரும். சீமையில் பெண்கள் ஒரு தினுசை வெறுத்துக் கழித்துப் போட்ட பிறகு, அது கப்பலேறி, கொழும்பில் கொஞ்ச காலம் தங்கி, மலையேறி எங்களிடம் வந்து சேர இருபது வருஷமாகும். நாங்கள் அதைப் புத்தம் புதுசு என்று பெருமையாகப் போட்டுக்கொள்வோம்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் உப்பல் கை. தோளுக்கு ஒன்றாக இரண்டு பூசணிக்காயைக் கட்டிவிட்டாற்போல இருக்கும். அரசாங்கக் கச்சேரியின் தலைமைக் கிளாக்கருடைய மனைவி என்னைவிட ஓர் அங்குலம் குட்டை, இரண்டு சுற்றுப் பெரிது. அந்த அம்மாள் ஒரு சீமைப் படப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அதே மாதிரி கை வேண்டும் என்றாள். ரெண்டு கஜம் வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பெண்கள் பேசும்போது சுவரைப் பார்ப்பது அவருடைய மரியாதை. கண்ணுக்குத்தான் அந்த மரியாதை, வாய்க்கு இல்லை.

“படத்துல இருக்கிற வெள்ளைக்காரிக்குக் கழுத்து ஒரு முழம் இருக்குதுங்கம்மா. ரெண்டு பக்கமும் உப்பினாலும் நடுவுல தலை தெரியும். உங்களுக்குக் கழுத்தே இல்லீங்களே?”

“என்ன சொன்னே?”

“ஆண்டவன் குடுக்கலைங்க, அதுக்கு நான் என்ன செய்ய? கையைச் சப்பையா வச்சு, கழுத்தைக் கொஞ்சம் எறக்கி வெட்டுறேன். ரெண்டு அங்குலம் ஒசந்து தெரிவீங்க.”

அம்மாள் கோபித்துக்கொண்டு வேறு தையற்காரரிடம் போனாள். அவர் பூசணிக்காயைப் பழுதில்லாமல் தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு ஒரு தேநீர் விருந்துக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கை காதுவரை ஏறி நின்றதால் தலையைத் திருப்ப முடியவில்லை. பக்கத்திலிருந்து யாராவது வணக்கம் சொன்னால் உடம்பையே திருப்ப வேண்டும். அவள் திரும்பி முடிப்பதற்குள் வணக்கம் சொன்னவர் அடுத்த ஆளிடம் போயிருப்பார். அன்று மாலை முழுவதும் அம்மாள் ரோஜாச் செடிகளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. மறுவாரம் அதே ரவிக்கையைக் கொண்டுவந்து, வாய் திறக்காமல் ரெண்டு கஜத்தின் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அவர் பூசணிக்காயை அவிழ்த்துக் கையைச் சப்பையாக்கி, மிஞ்சின துணியில் அவள் சின்ன மகளுக்கு ஒரு சட்டையும் தைத்துக் கொடுத்தார்.

இவரால் அதிகம் அவதிப்பட்டவர் துணிக்கடை முதலாளிதான். அவர் உள்ளே நின்று பெரிய பெரிய பூப்போட்ட துணியை விரித்து, “ஒங்களுக்காகவே வந்த மாதிரி இருக்கு தாயி” என்று தேனாய்ப் பேசிக்கொண்டிருப்பார். விறாந்தையிலிருந்து குரல் வரும்: “குட்டையானவங்களுக்கு அவ்வளவு பெரிய பூவு வேணாங்கம்மா. ரெண்டு பூவுலயே ஆளு முடிஞ்சுருவாங்க.”

முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். “நீரு எனக்குத் தையக்காரரா, எதிர்க்கடைக்காரன் அனுப்பி வச்ச ஆளா?”

“சின்னக் கோடு போட்ட துணி மூணாவது தட்டுல இருக்குதுங்க முதலாளி. வெலையும் கொறச்சல். அதை எடுத்துக் காட்டுங்க.”

விலை குறைச்சல் என்பதையும் சத்தம் போட்டுச் சொல்வார். ஆனாலும் முதலாளி அவரை அனுப்பவில்லை. சண்டை போட வருகிற பெண்கள் அந்தச் சின்னக் கோட்டுத் துணியை வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

இனி அவருடைய பெரிய கேள்விக்கு வருகிறேன். யார் ரவிக்கை தைக்கக் கொடுத்தாலும் அவர் முதலில் கேட்பது, “எந்த வேலைக்குங்க?” என்பதுதான். தோட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து வருகிற பெண்கள் இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள்: “கொழுந்தெடுக்கங்க.” கொழுந்துக் கூடை முதுகில் தொங்கும். எடுத்த கொழுந்தைக் கையை மேலே தூக்கித் தோளுக்குப் பின்னால் போட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவையோ. அதனால் அவர்களுடைய ரவிக்கையில் கக்கத்துக்குக் கீழே ஒரு சாய்சதுரத் துண்டு வைத்துத் தைப்பார். கையை வானத்துக்கே நீட்டினாலும் ரவிக்கை இடுப்பிலிருந்து அசையாது.

டவுன் பெண்களுக்கு அந்தத் துண்டு ஆகாது. அதற்குக் ‘கொழுந்துக்காரி கை’ என்று பெயர் வைத்து மூக்கைச் சுளித்தார்கள். நானும் சுளித்தவள்தான். என் அண்ணன் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. எங்கள் அப்பா பிறந்தது தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில். லயத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு தலைமுறைதான், அதை மறைக்க எங்களிடம் இருந்ததெல்லாம் ரவிக்கையின் கை மட்டும்தான். முதல் தடவை அவர் என்னிடம் கேட்டபோது, “எந்த வேலைக்கும் இல்லை மேஸ்திரி. நான் டீச்சர்” என்றேன். சுவரைப் பார்த்தபடி ஒரு பெருமூச்சு விட்டார்.

அப்போது நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிக ஆசிரியை. அங்கே தலைமை ஆசிரியையாக இருந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா உடை விஷயத்தில் கண்டிப்பானவர். ஆசிரியைகளுக்குக் கை மணிக்கட்டு வரை இருக்க வேண்டும், காலர் தாடை வரை ஏற வேண்டும். அவரும் குட்டை, அவரும் குண்டு. அவருக்குக் கழுத்து என்று ஒன்று உண்டா என்பதைப் பதுளையில் ஒருவரும் கண்டதில்லை. ஆனால் அவர் வெள்ளைக்காரி, அதனால் குட்டை என்றோ குண்டு என்றோ நினைத்துப் பார்க்கக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை.

எங்கள் வகுப்புக் கரும்பலகை எனக்கு முன்பிருந்த ஒரு நெட்டை ஆசிரியைக்காக அறைந்தது. அதன் உச்சி வரியில் தினமும் ஒரு வேத வசனம் எழுத வேண்டும் என்பது விதி. ஸ்டூலில் ஏறக் கூடாது; “ஏறி நிற்கிற உபாத்தியாயினிக்குப் பிள்ளைகள் கீழ்ப்படிய மாட்டார்கள்” என்பது மிஸ்ஸியம்மாவின் தீர்ப்பு. ஆகவே நான் தினமும் குதிகாலை உயர்த்தி, பல்லைக் கடித்து, பாதி வசனத்தைக் குதித்துக் குதித்து எழுதினேன். என் கையெழுத்தில் பரிசுத்த வேதாகமம் மலை ஏறி இறங்குகிற மாதிரி இருக்கும்.

மிஸ்ஸியம்மா முன்னிலையில் ஒரு மாதிரிப் பாடம் எடுக்க வேண்டிய நாள் வந்தது. அதற்கென்றே ரெண்டு கஜத்திடம் ஒரு புது ரவிக்கை தைத்திருந்தேன். இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஆண் தையற்காரர் பெண்ணின் மேல் அளவு நாடா வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நமக்குப் பொருத்தமாக இருக்கிற பழைய ரவிக்கை ஒன்றை ‘அளவு ரவிக்கை’ என்று கொடுத்தனுப்புவோம். அதை வைத்து அவர் வெட்டுவார். என் பழைய ரவிக்கையை விரித்து வைத்துப் பார்த்தேன். மேஜை விரிப்பு மாதிரி இருந்தது. அதை ஒரு ஆண்பிள்ளை கையில் கொடுக்க மனசு வரவில்லை. பக்கத்து அறையில் என்னோடு வேலை பார்த்த கிரேஸ் இருந்தாள், ஒல்லி. அவளுடைய ரவிக்கையை இரவல் வாங்கி, அதுதான் என் அளவு என்று கொடுத்துவிட்டேன். தைத்து வந்ததை மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். கண்ணாடியில் மெலிந்து தெரிந்தேன். மூச்சு விடாத வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மாதிரிப் பாடத்தில் உச்சி வரிக்குக் கையைத் தூக்கினேன். ‘டர்ர்’ என்று ஒரு சத்தம். வலது கக்கம். பதறிப்போய் இடது கையால் பொத்தினேன். அந்தப் பக்கமும் ‘டர்ர்’. வகுப்பு முழுவதும் மேஜையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கியது. மீதிப் பாடத்தை இரண்டு முழங்கையையும் விலாவில் ஒட்ட வைத்துக்கொண்டு, இறகு நனைந்த கோழி மாதிரி நடத்தி முடித்தேன்.

மிஸ்ஸியம்மா பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். “எஸ்தர், பத்து நாளில் இன்ஸ்பெக்டர் வருகிறார். அன்றைக்கும் இவ்விதமாய் நடந்தால், உன்னை நிரந்தரமாக்கும்படி என்னால் எழுத இயலாது.”

நிரந்தரம் ஆகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் ஏற்கெனவே கடிதம் போட்டிருந்தான்: அண்ணிக்கு ஆறாவது பிரசவம், பள்ளிக்கூடம் சரிப்படாவிட்டால் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அங்கே போனால் என் வாழ்நாள் முழுவதும் அந்த அடுப்படியில்தான். பதுளையில் எனக்கென்று ஒரு அறை இருந்தது, ஒரு வகுப்பு இருந்தது. அதை ஒரு கக்கத் தையலுக்காக இழக்கப்போகிறேனே என்று அழுகை வந்தது. அழுகை முடிந்ததும் கோபம் வந்தது. கிழிந்த ரவிக்கையையும் அளவு ரவிக்கையையும் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன்.

“என்ன மேஸ்திரி இது? பள்ளிக்கூடத்துல என் மானமே போச்சு!”

ரெண்டு கஜம் சுவர்ப்பக்கம் திரும்பினார். கையை மட்டும் பின்னால் நீட்டி அளவு ரவிக்கையை வாங்கினார். தடவிப் பார்த்தார்.

“இந்த ரவிக்கை எனக்கு நல்லாப் பழக்கமுங்க டீச்சரம்மா.”

“என்ன பழக்கம்?”

“எடது கையில மசிக் கறை. கழுத்துல மூணாவது பொத்தான் மட்டும் வேற நெறம். போன மாசம் தபாலாபீசு அம்மா இதைத் தன்னோடதுன்னு குடுத்தாங்க. அதுக்கு முந்தி ஆஸ்பத்திரி அம்மா. கிளாக்கரூட்டு அம்மாவும் ஒருக்கா அனுப்பினாங்க, அது அவங்களுக்கு மொழங்கைக்குக்கூட ஏறாது. டவுன்ல பாதிப் பேரு இந்த ஒரு ரவிக்கைக்குள்ளதாங்க குடியிருக்காங்க.”

கிரேஸ் பாவம், ‘என் ரவிக்கை எங்கே, என் ரவிக்கை எங்கே’ என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது இதனால்தானா? இரவல் வாங்கியவள் அடுத்தவளுக்குக் கைமாற்றி, வீடு வீடாகச் சுற்றிவிட்டுத்தான் அது அவளிடம் வந்து, பிறகு என்னிடமும் வந்திருக்கிறது. ஒவ்வொருத்தியும் தன்னுடைய அளவு என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். ஊரில் அத்தனை தையலும் ஒரே மாதிரி கிழிந்ததில் ஆச்சரியமில்லை.

“பொய்யின்னு தெரிஞ்சும் ஏன் தைச்சீங்க?” என்று கேட்டேன்.

“சொன்னேனுங்க. யாரும் ஒத்துக்கலை. அதனால உள்ளுக்குள்ள மூணு விரல் துணி மடிச்சு வச்சுத்தான் தைக்கிறது. கிழிஞ்சா கொண்டாந்து குடுங்க, அவுத்து விடுறேன்னு. கிழிஞ்சதைத் தூக்கிக்கிட்டு நீங்க ஒருத்தர்தான் சண்டைக்கே வந்தீங்க. மத்தவங்க வெளியில வராம வீட்டுக்குள்ளயே ஒக்காந்துட்டாங்க.”

அதைச் சொன்னபோது அவர் குரலில் பரிகாசம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இன்ஸ்பெக்டர், கரும்பலகை, அண்ணனுடைய கடிதம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“இப்ப சொல்லுங்க. எந்த வேலைக்கு?”

“போர்டுல உச்சி வரியில எழுத.”

“அப்பிடிச் சொல்லுங்க” என்று ஒரு நூல் கண்டை எடுத்து நீட்டினார். “இதை வீட்டுக்குக் கொண்டு போங்க. நெஞ்சு, இடுப்பு, கை, மூணு எடத்துலயும் சுத்தி, சுத்தின எடத்துல ஒரு முடிச்சு. காயிதத்துல மடிச்சுக் குடுங்க. நம்பரு இல்லைங்க, யாரும் படிக்க முடியாது. ஒண்ணு மட்டும். மூச்சை விட்டுட்டு அளங்க.”

அறையில் கிரேஸை உதவிக்கு வைத்துக்கொண்டு அளந்தேன். முதலில் என்னை அறியாமலே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன். கிரேஸ் முடிச்சுப் போட்டாள். பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு மூச்சை விட்டேன். அடுத்த முடிச்சு நாலு விரல் தள்ளி விழுந்தது. அந்த நாலு விரலைத்தான் நான் இத்தனை காலம் ஊரிடமிருந்து ஒளித்து வைத்திருந்தேன். முதல் முடிச்சை அவிழ்த்துவிட்டுக் கொடுத்தனுப்பினேன்.

அதோடு விட்டாரா? சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். போர்டைப் பார்க்க வேண்டுமாம். ஒரு பெண்ணின் மேலும் வைத்தறியாத அளவு நாடாவால் அந்தக் கரும்பலகையை மேலும் கீழுமாக அளந்தார். பிறகு, ‘டீச்சரம்மா ஒசரம் எதுவரைக்கும்?’ என்று வாசலில் நின்ற என்னைக் கேட்டு, சுவரில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தரையில் முழங்காலிட்டார். அந்த ஆறடி மனிதர் முழங்காலில் நின்றபோது சரியாக என் உயரம் இருந்தார். அப்படியே வலது கையைத் தூக்கி உச்சி வரியைத் தொட முயன்றார்.

அந்த நேரம் பார்த்து மிஸ்ஸியம்மா வந்தார். வகுப்பறையில் ஓர் அந்நிய மனிதர் முழங்காலில் நின்று வானத்தை நோக்கிக் கையேந்துவதைக் கண்டார். கண் கலங்கிவிட்டது. அவருக்குப் பின்னால் தானும் முழங்காலிட்டு ஜெபம் செய்யத் தொடங்கிவிட்டார். ரெண்டு கஜம் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஒரு பெண்ணைக் கண்டதும் மரியாதையாகப் போர்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை மிஸ்ஸியம்மா மனந்திரும்புதலின் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

“மகனே, உமது பாரம் என்ன? சொல்லும்.”

“கக்கங்கம்மா. இந்த எடத்துல இழுக்குது.”

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிஸ்ஸியம்மாவுக்கு உண்மை விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் முகம் சிவந்தது. “நீர் ஒரு தையற்காரனா? இங்கே எதற்கு முழங்காற்படியிட்டீர்?”

“டீச்சரம்மா ஒசரத்துல நின்னு பாத்தாத்தானேங்க தெரியும், கை எங்க மாட்டுதுன்னு.”

சிரிப்பு வர வேண்டிய இடம்தான். எனக்கு வரவில்லை. அதுவரை எத்தனையோ பேர் என்னைக் குனிந்து பார்த்திருக்கிறார்கள். என் உயரத்துக்கு இறங்கி வந்து, அங்கிருந்து உலகம் எப்படித் தெரிகிறது என்று பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அடுத்தது சேலை. இருந்த ஒரே நல்ல சேலையைக் கொண்டு வரச் சொன்னார். “சேலை அகலம் உங்க ஒசரத்துக்கு நெய்யலைங்க. மிச்சத்தையெல்லாம் வயித்துல சொருகி வச்சிருக்கீங்க. ஒரு சாண் துணியை வயித்துல கட்டிக்கிட்டு, வயிறு பெருசா இருக்குன்னா யாரு குத்தம்?” என்று கத்தரியை எடுத்தார். கட்டுகிற சேலையில் கத்தரி வைப்பது அபசகுனம். நாங்கள் வேதக்காரர்கள், சகுனம் பார்ப்பதில்லை. ஆனாலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கீழ்க்கரையைப் பிரித்து, ஒரு சாண் அகலத்தை நீள வெட்டி எடுத்து, கரையை மறுபடி வைத்துத் தைத்தார். வெட்டின துண்டிலேயே ரவிக்கை. துணிக்கென்று தனியாக ஒரு காசு செலவில்லை. கடை முதலாளி எட்டிப் பார்த்து, “இப்பிடியே எல்லாரும் தைச்சா நான் கடையை மூடிட்டுக் காசிக்குப் போறேன்” என்றார்.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலை அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றேன். கை முழங்கைக்குக் கீழே முடிந்தது. கழுத்து இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. தோளிலிருந்து மெல்லிய மடிப்புகள் நேராகக் கீழே வந்தன. கக்கத்தில் கொழுந்துக்காரியின் துண்டு.

மிஸ்ஸியம்மா திகைத்துப்போனார். “எஸ்தர்! காலர் எங்கே?”

“வெட்டிட்டார், மிஸ்ஸியம்மா.”

“கை எங்கே?”

“அதையும் வெட்டிட்டார்.”

மாற்றிக்கொண்டு வா என்று சொல்ல வாய் திறந்தார். ஆனால் இன்ஸ்பெக்டரின் குதிரை வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. நான் உள்ளே போனேன். வெண்கட்டியை எடுத்தேன். கையைத் தூக்கினேன், ‘டர்ர்’ என்ற சத்தத்துக்காகக் காது காத்துக்கொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை. இன்னும் தூக்கினேன். கை தோளிலிருந்து தங்குதடையில்லாமல் மேலே மேலே போனது. அன்றுவரை குதித்துத்தான் எட்ட முடியும் என்று நினைத்திருந்த வரி, இறுக்கிப் பிடித்த துணியால்தான் எட்டாமல் இருந்திருக்கிறது. குதிகாலைக் கொஞ்சம் உயர்த்தி, வசனத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே நேர்கோட்டில் எழுதி முடித்தேன். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என் ரவிக்கையைக் கவனிக்கவே இல்லை. மனக்கணக்குக் கேட்டார், தேசப்படத்தில் மகாவலி கங்கையைக் காட்டச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். நான் நிரந்தரம் ஆனேன்.

மறுநாள் மிஸ்ஸியம்மா தம் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். காலருக்காகத் திட்டு விழப்போகிறது என்று போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். ஜன்னலையும் சாத்தினார். தாடை வரை ஏறியிருந்த தம் காலருக்குள் ஒரு விரலை நுழைத்து இழுத்துவிட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டார்:

“எஸ்தர், அந்த மனுஷனுக்கு நூல் எவ்வளவு நீளம் அனுப்ப வேண்டும்?”

அடுத்த மாதமே பதுளைக்காரர்கள் மிஸ்ஸியம்மாவுக்குக் கழுத்து உண்டு என்பதைக் கண்ணாரக் கண்டார்கள். பிறகு ஊரே நூலுக்கு மாறிவிட்டது. கிரேஸின் ரவிக்கை அவளிடம் திரும்பி வந்து சேர்ந்தது; அவளால்தான் அதைப் போட்டுக்கொள்ள முடியவில்லை. இத்தனை பேர் மூச்சைப் பிடித்து மாட்டிப் பார்த்ததில் எனக்கே தொளதொளவென்று இருக்கும் அளவுக்கு அது விரிந்து போயிருந்தது.

வேலை நிரந்தரமான செய்தியைச் சொல்ல நான் ரெண்டு கஜத்திடம் போனபோது அவர் மிஷினை நிறுத்தவே இல்லை.

“கை மேல போச்சுங்களா?”

“போச்சு மேஸ்திரி.”

“கக்கத்துல?”

“ஒண்ணுமே தெரியலை.”

“அப்ப சரி. போயிட்டு வாங்க.”

நன்றி சொல்ல ஆரம்பித்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு இருமினார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஒரு கஜம் சின்னக் கோட்டுத் துணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரயில் பதுளைக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், குளிர்காய்ச்சலில் நாலே நாள் படுத்து அவர் போய்விட்டார். உறவு என்று யாரும் வரவில்லை. துணிக்கடை முதலாளிதான் எல்லாம் செய்தார். பாடை கட்ட வழக்கமான நீளத்துக்கு மூங்கில் வெட்டிவிட்டார்கள், போதவில்லை. அளவெடுக்காமல் வெட்டினால் வேறென்ன ஆகும்? மறுபடியும் மூங்கிலுக்கு ஆள் ஓடியது.

மயானத்துக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. அதனால் கடைத்தெருவின் இரண்டு பக்கமும் வந்து நின்றோம். கிளாக்கர் அம்மா, தபாலாபீசு அம்மா, ஆஸ்பத்திரி அம்மா, ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டாலும் தோட்டத்திலிருந்து அரைநாள் பேரை, அதாவது கூலியை, விட்டுவிட்டு வந்த கொழுந்துக்காரிகள், குடையைப் பிடித்தபடி மிஸ்ஸியம்மா. எல்லோரும் குட்டை, எல்லோரும் குண்டு. ஒருத்தியின் ரவிக்கையிலும் ஒரு சுருக்கம் இல்லை. அவரைத் தூக்கிக்கொண்டு எங்கள் நடுவே போனபோது யார் முதலில் அழத் தொடங்கியது என்று தெரியவில்லை. நான் கையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கக்கத்தில் கொஞ்சம்கூட இழுக்கவில்லை.